பிளேட்லெட் இறங்கினால் எல்லாமே டெங்கு அல்ல: பாக்டீரியா காய்ச்சலில் ரத்த ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி

காய்ச்சல் வந்து ஆறு நாள் ஆகிறது. பிளேட்லெட் 62,000. டெங்குப் பரிசோதனை நெகட்டிவ். இந்தக் கட்டத்தில் வீட்டில் பாதிப் பேர் பப்பாளி இலை தேடிக் கிளம்புவார்கள், மீதிப் பேர் ரத்தம் கொடுக்க ஆள் தேடுவார்கள். ஆனால் உண்ணிக் காய்ச்சல் என்கிற ஸ்க்ரப் டைபஸ், எலிக்காய்ச்சல், ரத்தத்தில் பரவிய வேறு பாக்டீரியா தொற்று ஆகிய எல்லாவற்றிலும் பிளேட்லெட் இறங்கும். அங்கே இறங்குவது நோயின் விளைவு. கிருமிக்கு உரிய மருந்து உரிய நாளில் உள்ளே போனால் எண்ணிக்கை தானே ஏறும். மருந்து போகாமல் எத்தனை பை பிளேட்லெட் ஏற்றினாலும் மறுநாள் பழைய இடத்துக்கே வந்து நிற்கும்.

கீழே உள்ள மருந்து அளவுகள், மருத்துவர் எழுதியதைப் புரிந்துகொள்வதற்காக. மருந்துக் கடையில் நேராகப் போய்க் கேட்டு வாங்குவதற்காக அல்ல.

முதலில், அந்த எண் உண்மைதானா?

ரத்த அணுக்களை எண்ணும் சிபிசி பரிசோதனைக்கு ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுப்பார்கள். உள்ளே இருக்கும் ஈடிடிஏ ரத்தம் உறையாமல் காக்கும். சிலருடைய ரத்தத்தில் அதே ஈடிடிஏ பிளேட்லெட்டுகளை ஒன்றோடொன்று ஒட்ட வைத்துவிடும். மெஷின் அந்தக் கொத்துகளைப் பிளேட்லெட்டாக எண்ணாது. உடம்பில் 2 லட்சம் இருக்கும், ரிப்போர்ட்டில் 40,000 என்று வரும். நரம்பு சரியாகக் கிடைக்காமல் ஊசியை அங்குமிங்கும் திருப்பி, சொட்டுச் சொட்டாக ரத்தம் எடுத்தாலும் குழாய்க்குள் சிறு கட்டிகள் உருவாகி இதே பிழை வரும். ரத்தம் எடுத்ததும் குழாயை எட்டு பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், குலுக்கக் கூடாது.

எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்து, உடம்பில் ரத்தப் புள்ளியோ கசிவோ இல்லையென்றால், 'ஸ்மியர்' பார்த்தார்களா என்று கேளுங்கள். கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தேய்த்து எண்ணெய் லென்ஸில் பார்ப்பது இது. ஒரு பார்வைப் பரப்பில் தெரியும் ஒவ்வொரு பிளேட்லெட்டுக்கும் சுமார் 15,000 என்று கணக்கு. பத்து இடம் பார்த்துச் சராசரியாக 10 தெரிந்தால் எண்ணிக்கை 1.5 லட்சத்தை ஒட்டி இருக்கும், மெஷின் என்ன சொன்னாலும் சரி. சந்தேகம் தீரவில்லை என்றால் நீல மூடி சிட்ரேட் குழாயில் திரும்ப எடுக்கலாம். அதில் திரவம் கலந்திருப்பதால், வரும் எண்ணை 1.1 ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

மூன்று வரிகளைச் சேர்த்துப் படியுங்கள்

ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் இருக்கும் பிளேட்லெட்டை மட்டும் பார்த்தால் பாதி விஷயம் தப்பிவிடும். வெள்ளணு, ஹீமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு), பிளேட்லெட் மூன்றையும் ஒன்றாகப் பாருங்கள். பெரியவர்களுக்கு வெள்ளணு 4,000 முதல் 11,000 வரையும், பிளேட்லெட் 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரையும் இயல்பு.

டெங்குவில் வெள்ளணு பெரும்பாலும் 5,000க்குக் கீழே போகும். ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா கசிவதால் ரத்தம் கெட்டியாகி ஹீமட்டோக்ரிட் ஏறும். காய்ச்சல் விடும் நேரத்தில்தான் பிளேட்லெட் அடிமட்டத்துக்குப் போகும். எலிக்காய்ச்சலிலும் பிற பாக்டீரியா தொற்றுகளிலும் வெள்ளணு ஏறி, அதில் ஒரு வகையான நியூட்ரோஃபில் 80 சதவீதத்தைத் தாண்டுவது வழக்கம். உண்ணிக் காய்ச்சலில் வெள்ளணு இயல்பாகவோ சற்று கூடுதலாகவோ இருக்கும். கல்லீரல் நொதிகளான எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி டெங்குவிலும் ஏறும் என்பதால் அதை வைத்துப் பிரிக்க முடியாது. டைபாய்டு ஒரு விதிவிலக்கு: பாக்டீரியாதான், ஆனாலும் வெள்ளணு குறையலாம், இயோசினோஃபில் என்ற வெள்ளணு வகை பூஜ்ஜியம் என்று வரலாம்.

நாள் கணக்கும் உதவும். டெங்குக் காய்ச்சல் ஏழு நாளைத் தாண்டுவது அரிது. எட்டாம் நாளும் 103 டிகிரி அடித்து, பிளேட்லெட்டும் இறங்கிக்கொண்டிருந்தால் வேறு எதையோ தேடியாக வேண்டும். டெங்குவின் ஐஜிஎம் எதிர்ப்பொருள் பாசிட்டிவ் என்று வந்தாலும் தேடலை மூடிவிடக் கூடாது. போன மாதம் வந்துபோன டெங்குவின் ஐஜிஎம் இன்னும் ரத்தத்தில் இருக்கலாம், இரண்டு தொற்றும் சேர்ந்தே வரவும் செய்யும். மழைக்காலத்தில் இது புதிதல்ல.

உடம்பைத் தேடுங்கள்

ஸ்கேனை விடவும் மலிவான, பல நேரங்களில் அதைவிடப் பயனுள்ள பரிசோதனை இது. உண்ணிக் காய்ச்சலைப் பரப்புவது புதர், புல், வயல் வரப்பு ஆகிய இடங்களில் வாழும் ஒரு வகைச் சிற்றுண்ணியின் இளம்புழு. கண்ணுக்குத் தெரியாத அளவு. நாயிலும் மாட்டிலும் ஒட்டியிருக்கும் பெரிய உண்ணி வேறு, இது வேறு. அது கடிக்கும்போது வலிக்காது, அரிக்காது. கடித்த ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் தொடங்கும், பெரும்பாலும் பத்து நாள் வாக்கில். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழையும் அதையடுத்த பனி மாதங்களும்தான் இதற்கான காலம்.

கடித்த இடத்தில் சிகரெட் சுட்டதுபோல ஒரு கருகிய பொருக்கு உருவாகும். அரை சென்டிமீட்டர் முதல் ஒரு சென்டிமீட்டர் அகலம், நடுவில் கறுப்பு, சுற்றிலும் மெல்லிய சிவப்பு வளையம். வலி இல்லாததால் நோயாளிக்கே தெரியாது. "எங்கேயாவது புண் இருக்கிறதா?" என்று கேட்டால் "இல்லை" என்பார். நாம்தான் பார்க்க வேண்டும். நல்ல வெளிச்சத்தில் அக்குள், மார்பகத்துக்கு அடி மடிப்பு, தொப்புள், புடவையோ பாவாடை நாடாவோ இறுகும் இடுப்பு, தொடை இடுக்கு, விரைப்பை, புட்டத்துக்கு இடைப்பட்ட பகுதி, முழங்காலின் பின்புறம், காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள். வியர்வை தங்கும் மடிப்புகளில் பொருக்கு உதிர்ந்து வெறும் ஈரப்புண்ணாக இருக்கும், அதைச் சேற்றுப்புண் என்று விட்டுவிடுவார்கள். அருகே நெறிகட்டியிருந்தால் அந்தப் பக்கத்தை மறுபடி பாருங்கள். பெண்களை மறைவான இடத்தில் பெண் செவிலியர் பார்ப்பதே நடைமுறை. கூச்சத்தால் இந்தச் சோதனை விடுபடுவதுதான் அடிக்கடி நடக்கிறது. பொருக்கு கண்ணில் பட்டால் நோய் ஏறக்குறைய உறுதி. படவில்லை என்றால் நோய் இல்லை என்று அர்த்தமாகாது, பலருக்குப் பொருக்கு வருவதே இல்லை.

எலிக்காய்ச்சலுக்குத் தேட வேண்டியவை வேறு. பீளை கட்டாமல் சிவந்த கண், கெண்டைக்கால் தசையைத் தொட்டாலே வலி, மஞ்சள் காமாலை, குறைந்துபோன சிறுநீர். கூடவே வெள்ளநீரில் நடந்தாரா, வயலில் இறங்கினாரா, சாக்கடை சுத்தம் செய்தாரா என்ற கேள்வி. இருமலில் ரத்தம் வந்தால் நுரையீரலுக்குள் ரத்தம் கசிகிறது. காலை வரை காத்திருக்கிற விஷயம் அல்ல அது.

பரிசோதனையும் மருந்தும்

உண்ணிக் காய்ச்சலுக்கு ஐஜிஎம் எலைசா நல்ல பரிசோதனை. ஆனால் காய்ச்சல் தொடங்கி ஐந்து ஏழு நாள் ஆன பிறகுதான் பாசிட்டிவ் காட்டும். மூன்றாம் நாள் எடுத்து நெகட்டிவ் வந்ததைப் பத்தாம் நாள் வரை நம்பிக்கொண்டிருக்கக் கூடாது. பழைய வெயில்-ஃபெலிக்ஸ் பரிசோதனை பல நோயாளிகளைத் தவறவிடும். ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் எடுப்பதாக இருந்தால் முதல் டோஸ் ஆன்டிபயாடிக்குக்கு முன்னால் எடுக்க வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மி.லி. ரத்தம் தேவை. 2 மி.லி. எடுத்து அனுப்பிவிட்டு "கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை" என்று சொல்வதில் பொருளில்லை. உண்ணிக் காய்ச்சல் கிருமி சாதாரணக் கல்ச்சரில் எப்படியும் வளராது, அது உயிரணுவுக்கு உள்ளே மட்டும் வாழ்வது.

அதே காரணத்தால்தான் செஃப்ட்ரியாக்சோன், மெரோபெனம் போன்ற ஆன்டிபயாடிக் ஊசிகள் அதை ஒன்றும் செய்வதில்லை. செஃப்ட்ரியாக்சோன் மூன்று நாள் போட்டும் காய்ச்சல் அசையவில்லை, பிளேட்லெட் இறங்குகிறது என்றால், "டாக்ஸிசைக்ளின் சேர்க்கலாமா?" என்று மருத்துவரிடம் கேட்பது நியாயமான கேள்வி. பெரியவர்களுக்கு 100 மி.கி. காலை, இரவு, ஏழு நாள். குழந்தைகளுக்கு எடைக்கேற்ப. கர்ப்பிணிகளுக்கு அஸித்ரோமைசின் 500 மி.கி. தினம் ஒன்று, ஐந்து நாள். சரியான நோய்க்குச் சரியான மருந்து என்றால் பெரும்பாலும் 48 மணி நேரத்தில் காய்ச்சல் விடும். மூச்சுத்திணறல், குறைந்த ரத்த அழுத்தம் என்று முற்றிய நோயாளிகளுக்கு இரண்டு மருந்தையும் நரம்பு வழியாகச் சேர்த்துக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்ல பலன் தருகிறது. வேலூர் சிஎம்சி முன்னின்று இந்திய மருத்துவமனைகளில் நடத்தி, 2023இல் வெளியான ஆய்வு காட்டியது இதைத்தான்.

டாக்ஸிசைக்ளினை ஒரு முழு டம்ளர் தண்ணீருடன், உட்கார்ந்த நிலையில் விழுங்க வேண்டும். அதன் பிறகு அரை மணி நேரம் படுக்கக் கூடாது. ஒரு மிடறு தண்ணீரில் விழுங்கிவிட்டுப் படுத்தால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டி அங்கேயே புண்ணாக்கும். வயிற்றெரிச்சலுக்கான ஜெலுசில் வகை மருந்து, இரும்புச்சத்து மாத்திரை ஆகியவற்றைச் சில மணி நேரம் தள்ளி எடுக்க வேண்டும், சேர்த்து எடுத்தால் மருந்து உடம்பில் சேராது.

எலிக்காய்ச்சல் லேசாக இருந்தால் அதே டாக்ஸிசைக்ளின் போதும். முற்றியிருந்தால் பென்சிலின் 15 லட்சம் யூனிட் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அல்லது செஃப்ட்ரியாக்சோன் ஊசி. இங்கே செஃப்ட்ரியாக்சோன் வேலை செய்யும். எந்தக் காய்ச்சல் என்று தெரியாத நிலையில் டாக்ஸிசைக்ளின், செஃப்ட்ரியாக்சோன் இரண்டையும் சேர்த்துத் தொடங்குவதற்குக் காரணம் இதுதான்.

ஒரு எச்சரிக்கை. "ஊசி போட்டால் உடனே சரியாகும்" என்று கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக் ஊசி இந்தக் காய்ச்சல்களில் மிகக் கெட்டது. அது பிளேட்லெட்டின் வேலையைத் தடுக்கும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். பிளேட்லெட் 50,000க்குக் கீழே இருக்கும்போது இடுப்பில் போடும் எந்த ஊசியும் தசைக்குள் ரத்தக்கட்டாக முடியலாம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். இதய ஸ்டென்ட்டுக்காக ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் எடுப்பவர்கள் தாங்களாக நிறுத்திவிடாமல் அன்றே மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

பிளேட்லெட் ஏற்றுவது எப்போது?

ரத்தக் கசிவு இல்லையென்றால் 10,000 வரை இறங்கும்வரை ஏற்றத் தேவையில்லை. கடும் தொற்றோடு ரத்தம் கசியும் அபாயமும் இருந்தால் 20,000. ரத்தம் வடிந்துகொண்டிருந்தாலோ அறுவை சிகிச்சை தேவைப்பட்டாலோ 50,000. இவைதான் செப்சிஸ் எனும், தொற்று முற்றி உறுப்புகள் பாதிக்கப்படும் நிலைக்கான சிகிச்சையில் பொதுவாகப் பின்பற்றும் எல்லைகள். 62,000இல், ஈறில்கூட ரத்தம் வராதவருக்கு, "எதற்கும் இருக்கட்டும்" என்று ஏற்றுவதால் காய்ச்சல், ஒவ்வாமை, நுரையீரல் நீர்க்கோப்பு ஆகிய ஆபத்துகள் மட்டுமே மிச்சம்.

ஒருவர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரிக்கும் ஒரு பை, பெரியவருக்கு 5,000 முதல் 10,000 வரை ஏற்றும். மெஷின் மூலம் ஒரே கொடையாளியிடம் எடுக்கும் எஸ்டிபி பை 30,000 முதல் 60,000 வரை. இது காய்ச்சல் இல்லாத உடம்பின் கணக்கு. செப்சிஸில் ஏற்றியது வேகமாகவே அழியும். பிளேட்லெட் பையை ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. 20 முதல் 24 டிகிரியில் ஆட்டிக்கொண்டே வைப்பார்கள், ஆயுள் ஐந்து நாள். ரத்த வங்கியிலிருந்து ஐஸ் பெட்டியில் கொண்டுபோகச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

ரத்தம் உறைவதும் கசிவதும் ஒரே நேரத்தில்

தொற்று முற்றும்போது ரத்தக்குழாயின் உட்சுவர் சேதமாகி, நுண்குழாய்கள் முழுக்கச் சிறு சிறு உறைவுகள் உண்டாகும். பிளேட்லெட்டும் உறைவுப் புரதங்களும் அதிலேயே செலவாகிவிடும். பிறகு வேறு இடத்தில் ரத்தம் கசியும்போது அடைக்க எதுவும் மிஞ்சாது. டிஐசி என்று மருத்துவர்கள் சொல்வது இது. ஊசி குத்திய இடம் அரை மணி ஆகியும் நிற்காமல் கசிவது, சிறுநீரில் சிவப்பு, விரல் நுனி நீலம் பாரிப்பது ஆகியவை அடையாளங்கள்.

இதை ஒரு மதிப்பெண் கணக்கில் பார்க்கிறார்கள். பிளேட்லெட் 1 லட்சத்துக்குக் கீழே 1, 50,000க்குக் கீழே 2. உறைவுகள் கரையும்போது உண்டாகும் டி-டைமர் ஓரளவு ஏறியிருந்தால் 2, மிக அதிகம் என்றால் 3. ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் புரோத்ராம்பின் நேரம் 3 முதல் 6 வினாடி நீண்டால் 1, அதற்கு மேல் 2. உறைவுப் புரதமான ஃபைப்ரினோஜன் டெசிலிட்டருக்கு 100 மி.கி.க்குக் கீழே 1. கூட்டினால் 5 அல்லது அதற்கு மேல் வந்தால் டிஐசி. வராவிட்டால் ஓரிரு நாளில் மறுபடி கணக்கிட வேண்டும். புரோத்ராம்பின் நேரத்துக்கான நீல மூடிக் குழாயைக் கோடு வரை நிரப்பாவிட்டால் முடிவு பொய்யாக நீண்டு வரும். பாதி நிரம்பிய குழாயை நல்ல லேப் திருப்பி அனுப்பிவிடும், அதற்காகக் கோபப்படாதீர்கள்.

இதற்கு வீட்டில் செய்யக்கூடிய எளிய சோதனை கண்ணாடி டம்ளர். தோலில் சிவப்போ ஊதாவோ புள்ளிகள் தெரிந்தால் டம்ளரின் பக்கவாட்டை அதன்மேல் அழுத்துங்கள். சாதாரணத் தடிப்பு மறையும். மறையாமல் கண்ணாடிக்குள்ளே தெரிந்தால் அது தோலுக்கடியில் கசிந்த ரத்தம். காய்ச்சலுள்ள குழந்தைக்கு இப்படிப் புள்ளிகள் மணிக்கு மணி பரவினால் மெனிங்கோகாக்கஸ் தொற்றாக இருக்கலாம், உடனே ஆம்புலன்ஸுக்கு 108. பெரியவர்களில் மூச்சு நிமிடத்துக்கு 22 அல்லது அதற்கு மேல், மேல் ரத்த அழுத்தம் 100 அல்லது அதற்குக் கீழ், பேச்சுக் குழப்பம், இம்மூன்றில் இரண்டு இருந்தாலே பிளேட்லெட் எத்தனை என்று பார்க்காமல் பெரிய மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

சிவப்பணு உடையும்போது

இதுவரை சொன்னதற்கு நேர்மாறாக, ஆன்டிபயாடிக்கைத் தவிர்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஷிகா நச்சைச் சுரக்கும் ஈ.கோலை வகைகள் ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கை உண்டாக்கும். அது தொடங்கி ஐந்து முதல் பத்து நாளில், வயிறு சரியாகிவரும் நேரத்தில், குழந்தை வெளுத்து, முகம் வீங்கி, சிறுநீர் குறையும். சிறுநீரக நுண்குழாய்களில் அடைப்பு உண்டாகி, அவ்வழியே போகும் சிவப்பணுக்கள் கிழிபடுகின்றன. ஸ்மியரில் தலைக்கவசம் போன்ற உடைந்த துண்டுகள் தெரியும், அணுக்கள் உடைவதைக் காட்டும் எல்டிஎச் எகிறும், சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் கிரியாட்டினின் ஏறும். ஆனால் புரோத்ராம்பின் நேரம் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும், டிஐசியிலிருந்து இதைப் பிரிப்பது அதுதான். இந்தக் கிருமி என்று தெரிந்தால் ஆன்டிபயாடிக், பேதியை நிறுத்தும் லோபெரமைடு, வலி மாத்திரை மூன்றும் வேண்டாம். ஆன்டிபயாடிக் நச்சைக் கூடுதலாகச் சுரக்க வைக்கலாம், லோபெரமைடு அதைக் குடலில் தங்க வைக்கலாம், வலி மாத்திரை சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். தொடக்கத்திலேயே நரம்பு வழியாகச் சலைன் கொடுப்பது சிறுநீரகத்தைக் காக்க உதவும். பிளேட்லெட்டை ரத்தம் வடிந்தால் மட்டும் ஏற்றுவார்கள். 2011இல் ஜெர்மனியில் 3,800க்கு மேற்பட்டோரைத் தாக்கிய இந்த ஈ.கோலை தொற்று, எகிப்திலிருந்து வந்த விதையில் முளைகட்டிய வெந்தயத்தோடு தொடர்புடையதாகக் கண்டறியப்பட்டது. முளைகட்டிய பயறைக் குழந்தைக்குக் கொடுப்பதானால் ஆவியில் வேகவைத்துக் கொடுங்கள். ரத்தபேதியை உண்டாக்கும் ஷிகெல்லா டிசென்ட்ரியே முதல் வகையும் இதே நச்சைச் சுரக்கும், ஆனால் அதற்கு ஆன்டிபயாடிக் கட்டாயம். எனவே ரத்தம் கலந்த பேதிக்கு மலக் கல்ச்சர் கேட்பது வீண் செலவு அல்ல.

மைக்கோபிளாஸ்மா நிமோனியாவில் ரிப்போர்ட்டே விசித்திரமாக வரும். சிவப்பணு எண்ணிக்கை அநியாயத்துக்குக் குறைவு, எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) மிக அதிகம், எம்சிஎச்சி (சிவப்பணுவில் ஹீமோகுளோபினின் அடர்த்தி) 37க்கு மேலே. குளிரில் சிவப்பணுக்கள் ஒட்டிக்கொள்வதால் வரும் பொய்க்கணக்கு இது. குழாயை 37 டிகிரிக்குச் சூடாக்கி மறுபடி ஓட்டினால் எண்கள் சரியாகும். சரியானாலும் அந்த எதிர்ப்பொருள் உடம்பில் இருக்கிறது. இரண்டாம், மூன்றாம் வாரத்தில் ஹீமோகுளோபின் இறங்கலாம். நோயாளியின் கை கால்களை வெதுவெதுப்பாக வைத்திருங்கள், ரத்தம் ஏற்றினால் சூடாக்கி ஏற்றச் சொல்லுங்கள்.

மருந்தே காரணமாகும் சந்தர்ப்பமும் உண்டு. லினிசோலிட் என்ற ஆன்டிபயாடிக் பத்துப் பதினான்கு நாளைத் தாண்டினால் பிளேட்லெட்டைக் குறைக்கும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின், தொடங்கி ஐந்து முதல் பத்து நாளில் குறைக்கும். செஃப்ட்ரியாக்சோன் அரிதாகச் சிவப்பணுவை உடைக்கும். தொற்று குறைந்துவரும்போது பிளேட்லெட் மட்டும் மறுபடி இறங்கினால், புதுக் கிருமியைத் தேடும் முன் மருந்துச் சீட்டைப் பாருங்கள்.

குணமாகும்போது

சரியான மருந்து தொடங்கிய மூன்று முதல் ஐந்து நாளில் பிளேட்லெட் ஏறத் தொடங்கும். அந்த நேரத்தில் நிலவேம்பு குடித்தவர் நிலவேம்பையும், பப்பாளிச் சாறு குடித்தவர் அதையும் புகழ்வார்கள். குடிக்காதவருக்கும் ஏறத்தான் செய்கிறது. இரண்டாம் வாரத்தில் 5 லட்சம், 6 லட்சம் என்று ஏறுவதும் உண்டு, எலும்பு மஜ்ஜை ஈடுசெய்வதால் வருவது. பொதுவாகச் சில வாரத்தில் தானே இறங்கும்.

ஹீமோகுளோபின் மெதுவாகத்தான் மீளும், சில வாரங்கள் ஆகும். தொற்றின்போது, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பொய்யாக ஏறியிருக்கும், உள்ளே இரும்புச்சத்துக் குறைவு இருந்தாலும் ரிப்போர்ட்டில் தெரியாது. எனவே காய்ச்சல் விட்டு ஆறு வாரம் கழித்து சிபிசியும் ஃபெரிட்டினும் ஒருமுறை பாருங்கள். இரும்பு மாத்திரை தேவையா என்று அப்போது முடிவு செய்யலாம்.